முகவரி இல்லாத மூளைத்துண்டு

பூநாரைக்கு உடம்பில் பாதி கால், மீதி கழுத்து. அந்தக் கழுத்தின் நுனியில், வளைந்த அலகுக்குப் பின்னால் இருக்கும் மண்டையோட்டைத் திறந்தால் மூளை ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுக்குத் தேறும். 1999 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் செத்த சிலி நாட்டுப் பூநாரை ஒன்றின் மூளையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டது. பூங்காக் குளத்தைத் தாண்டி எங்கும் போகாத பறவை அது. அதன் மூளைத்துண்டோ அமெரிக்காவின் குறுக்கே பயணம் போனது, ஓர் அரசு அறிவித்த நோயின் பெயரைத் திருத்தியது, கடைசியில் பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துகளாக மாறி உலகத்துக் கணினிகளில் உட்கார்ந்துகொண்டது.

போகுமுன் அது பட்ட பாடு வேறு. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தில் வந்து நிற்கும் நம்மூர்ப் பூநாரைக்கு இந்தப் பூநாரை தூரத்து உறவு. சிலிப் பூநாரையின் கால் சாம்பல் நிறம். மூட்டு மட்டும் மருதாணி இட்டதுபோல் சிவந்திருக்கும். பிராங்க்ஸ் பூங்காவில் இவை திறந்த வெளியில்தான் நிற்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் உள்ளே வரக் கட்டணம் உண்டு, கொசுவுக்குக் கட்டணம் கிடையாது.

அந்த வருஷம் பூங்காவுக்கு நூறாவது வருஷம். 1899 நவம்பரில் திறந்தது. நூற்றாண்டு கொண்டாடவேண்டிய கோடையில் நியூயார்க்கில் மழையே இல்லை, வெயில் கொளுத்தியது. மழை இல்லாவிட்டால் கொசு குறையும் என்று நினைப்போம். நகரத்துக் கியூலெக்ஸ் கொசுவுக்கு நேர்மாறு. மழை பெய்தால் சாக்கடை அடித்துக்கொண்டு போகும், முட்டையும் புழுவும் கூடவே போகும். மழை இல்லையென்றால் தெருவோர வடிகால் தொட்டியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் அப்படியே நிற்கும். அதுதான் அதற்குப் பிரசவ அறை.

முதலில் விழுந்தவை காகங்கள். ஆகஸ்ட் மாதம் பூங்காவைச் சுற்றிய மரங்களுக்கு அடியில் செத்த காகங்கள் கிடந்தன. நாமாக இருந்தால் குச்சியால் ஓரம் தள்ளிவிட்டுப் போயிருப்போம். பூங்காவின் தலைமை நோய்க்குறியியல் நிபுணர் டிரேசி மெக்நமாரா அப்படிப் போகவில்லை. செத்த காகங்கள் மாநில வனவிலங்கு ஆய்வகத்துக்குப் போயின. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டுகிற பதில் அங்கிருந்து வரவில்லை.

உயிரியல் பூங்காவின் நோய்க்குறியியல் நிபுணர் என்பது விசித்திரமான வேலை. பூங்காவில் எது செத்தாலும் கடைசியில் அந்த மேசைக்கு வரும். யானையும் வரும், தவளையும் வரும். காட்டு விலங்கு நோயை மறைக்கும். நோயாளி என்று தெரிந்தால் தின்பவன் வந்துவிடுவான் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பயம். கூண்டுக்குள் பிறந்தாலும் அந்தப் பயம் போவதில்லை. அதனால் நோய் என்று நமக்குத் தெரிகிற நாளும் சாகிற நாளும் பலசமயம் ஒன்றாகவே இருக்கும். உயிரோடு இருக்கும்போது கேட்க முடியாத கேள்வியைச் செத்த பிறகு கத்தியால் கேட்பதுதான் அந்த மேசையின் தொழில். மூளை நோயில் இது இன்னும் கடினம். தலை நடுங்கியது, கால் தடுமாறியது என்று பராமரிப்பாளர் சொல்லலாம். அதற்கு அடிபட்டிருக்கலாம், விஷம் தின்றிருக்கலாம், நூறு காரணம் இருக்கலாம். மண்டையோட்டைத் திறக்காமல் உறுதி சொல்ல முடியாது.

செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் அமெரிக்கர்களுக்குத் தொழிலாளர் தின விடுமுறை வந்தது. அதையொட்டிய சில நாட்களில் பூங்காவின் சொந்தப் பறவைகளே சாகத் தொடங்கின. ஒரு நீர்க்காகம், பூநாரைகள், ஆசியாவிலிருந்து வந்த ஃபெசன்ட் ஒன்று, வெண்தலைக் கழுகு, பனி ஆந்தை. இனத்துக்கு இனம் சம்பந்தமில்லை, தீனிக்குத் தீனி சம்பந்தமில்லை. இருக்கிற இடம் மட்டும் ஒன்று.

பூநாரை மேசைக்கு வந்தது. மண்டைக்குள் ரத்தக்கசிவு. இதயத்தசையும் கெட்டிருந்தது. இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் பிறக்கிறான். அவன் இரட்டைப் பிறவி. நோய்க்குறியியல் மேசையில் மூளையை வெட்டும்போது ஒரு பங்கு ஃபார்மலினில் போகும், இன்னொரு பங்கு உறைபெட்டிக்குப் போகும். ஃபார்மலினில் போன துண்டு அழுகாது, கரையாது, பல பத்தாண்டு அப்படியே இருக்கும். ஆனால் அதில் உள்ள கிருமி செத்துவிடும். பார்க்கலாம், வளர்க்க முடியாது. உறைபெட்டிக்குப் போன துண்டில் கிருமி உயிரோடு தூங்கும். வளர்க்கலாம், ஆனால் திசுவின் அழகான வரைபடம் அதில் கிடைக்காது. ஒரு துண்டு சாட்சி சொல்லும், இன்னொரு துண்டு குற்றவாளியையே கையோடு பிடித்துக்கொண்டு வரும். இரண்டும் வேண்டும்.

சாட்சி முதலில் பேசியது. ஃபார்மலின் துண்டை மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மூளையின் ரத்தக்குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் சட்டைக்கைப் பட்டிபோல் சுற்றி நின்றன. வைரஸ் மூளைக்குள் புகுந்துவிட்டது என்பதற்கு அது கைநாட்டு மாதிரி. அடியும் இல்லை, விஷமும் இல்லை. மூளைக்காய்ச்சல்தான்.

எந்த வைரஸ்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவை ஈமுக்கள். பறவைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் என்றால் அமெரிக்கக் கால்நடை மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிழக்கத்தியக் குதிரை மூளைக்காய்ச்சல். அது வந்தால் ஈமு தப்பாது. பூங்காவில் ஈமுக்கள் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தன. சரி, பறவைக் காய்ச்சலா? இல்லை, நம்மூர் வீட்டுக்கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சலா? புத்தகத்தில் ராணிக்கெட் என்றும் நியூகாசில் என்றும் எழுதியிருக்கும் அந்த நோய் வந்திருந்தால் கோழிகள் முதலில் போயிருக்கும். குழந்தைகள் தொட்டு விளையாடுவதற்காகப் பூங்காவில் கோழியும் வான்கோழியும் இருந்தன. அவை கொக்கரித்துக்கொண்டு தானியம் பொறுக்கின. ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று நோய்கள் பட்டியலிலிருந்து கழிந்தன. சோதனைக்குழாய் செய்கிற வேலையைச் சாகாத பறவைகள் செய்துகொடுத்தன. ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் வைரஸ் நிபுணருக்கு இது கிடைக்காது. அவர் கையில் செத்தவற்றின் துண்டுகள் மட்டும்தான் போய்ச் சேரும்.

இதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பிராங்க்ஸுக்குத் தெற்கே, கிழக்கு ஆற்றைத் தாண்டினால் குயின்ஸ். அங்கே ஃபிளஷிங் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் டெபோரா அஸ்னிஸ் ஆகஸ்ட் 23 அன்று நகரச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். வயதான இரண்டு நோயாளிகள், காய்ச்சல், குழப்பம், கூடவே விளங்காத தசைத்தளர்ச்சி. தேடத் தேட இன்னும் பலர் அகப்பட்டார்கள். எல்லோரும் அருகருகே குடியிருப்பவர்கள், மாலையில் வீட்டுக்கு வெளியே காற்று வாங்குகிறவர்கள். ரத்தமும் தண்டுவட நீரும் சி.டி.சி. என்று சுருக்கிச் சொல்லப்படும் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போயின. செப்டம்பர் 3 அன்று பதில் வந்தது. செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல். அன்றைக்கே மேயர் ஜூலியானி கொசு ஒழிப்பை அறிவித்தார். ஹெலிகாப்டர்கள் நகரத்தின்மேல் மாலத்தியான் தெளித்தன.

அந்தப் பதில் ஏன் தவறியது என்பதை விளக்க டெங்குவைத் தெரிந்த தமிழருக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், செயின்ட் லூயிஸ் எல்லாம் ஃபிளேவிவைரஸ் என்ற ஒரே குடும்பம். முகஜாடை அதிகம். நோயாளியின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் ஒருவரைத் தேடிக்கொண்டு போய் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்துக்கொள்ளும். சோதனைக்கு வைத்திருந்த வரிசையில் அமெரிக்காவில் ஏற்கனவே வாழ்ந்த வைரஸ்கள் மட்டும் நின்றன. அந்த வரிசையில் மிக நெருக்கமான முகம் செயின்ட் லூயிஸ். உண்மையான ஆள் வரிசையிலேயே இல்லை.

கொசுவை ஒழிப்பது இரண்டு நோய்க்கும் சரியான வைத்தியம்தான் என்பதால் நகரத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. பெயர் தவறு, மருந்து சரி. அதனாலேயே, அந்தப் பெயரைச் சந்தேகிக்க யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை.

மெக்நமாராவுக்கு இருந்தது. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளில் குடியிருக்கும், ஆனால் அவற்றைக் கொல்லாது. குடியிருக்கும் வீட்டைக் கொளுத்தாத வாடகைக்காரன் அது. இங்கேயோ காகங்கள் மரத்திலிருந்து பொத்தென்று விழுகின்றன, பூநாரை மூளையில் ரத்தம். ஒரே நகரம், ஒரே மாதம், மனிதருக்கும் மூளைக்காய்ச்சல், பறவைக்கும் மூளைக்காய்ச்சல். இரண்டும் தனித்தனி நோய் என்றால் அது பெரிய தற்செயல். ஒரே நோய் என்றால் அது செயின்ட் லூயிஸ் ஆக முடியாது. வாதம் அவ்வளவுதான். இரண்டு வரி. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அவர் சி.டி.சி.யைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை.

அவர்களை வில்லன்களாக்குவது சுலபம், ஆனால் சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், ஆய்வகத்தில் மனித ரத்தம் வரிசைகட்டி நின்றது. கோளாறு இன்னும் அடியில் இருந்தது. மனிதருக்கு வந்தால் சி.டி.சி. மாட்டுக்கும் கோழிக்கும் வந்தால் வேளாண்மைத் துறை, ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. காட்டுப் பறவைக்கு வந்தால் வனவிலங்குத் துறை. பூங்காவில் பிறந்து பூங்காவில் சாகும் சிலிப் பூநாரை யாருடையது? காட்டுப் பறவை இல்லை, பண்ணைப் பறவை இல்லை, முட்டைக்கும் இல்லை, கறிக்கும் இல்லை. உறைபெட்டியில் அந்தத் துண்டு தயாராக இருந்தது. உறைமேல் எழுத முகவரிதான் இல்லை.

கடைசியில் கோழிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஐயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற சிறிய ஊரில் வேளாண்மைத் துறையின் தேசியக் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. சோளக்காட்டு நடுவே, நியூயார்க்கிலிருந்து ஆயிரம் மைல். அங்கே போன திசுக்களில் முதலில் பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் இல்லை என்று உறுதியானது. அது அவர்களுடைய பொறுப்பு, அத்தோடு கையைக் கழுவியிருக்கலாம். அவர்கள் நிற்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி வளர்த்தார்கள், மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உருண்டை உருண்டையான துகள்கள், குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு.

இந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்டதும் மெக்நமாராவுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். 40 நானோமீட்டர் என்பது ஃபிளேவிவைரஸின் அளவு. பறவைகளை இப்படிக் கொல்லும் ஃபிளேவிவைரஸ் எதுவும் அன்று அமெரிக்காவில் கிடையாது. அப்படியானால் இது அங்கே இருக்கக்கூடாத ஒன்று. அது மனிதரையும் கொல்லும் என்றால், அந்த மண்டையோடுகளை ஏற்கனவே அறுத்து முடித்தாகிவிட்டது. மிக உயர்ந்த பாதுகாப்பு இல்லாத அறைகளில் பலருடைய கைகளை அது தாண்டி வந்தாகிவிட்டது.

ஏம்ஸ்காரர்கள் வைரஸைக் கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில் உள்ள சி.டி.சி. ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கொசு பரப்பும் நோய்களுக்கான ஆய்வகம் அதுதான். ஆனால் மெக்நமாரா அதற்காகக் காத்திருக்கத் தயாராயில்லை. ராணுவத்தைக் கூப்பிட்டார். மேரிலாந்தில் ஃபோர்ட் டெட்ரிக் என்ற இடத்தில் ராணுவத்தின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எபோலா போன்றவற்றைக் கையாள்கிற, விண்வெளி வீரர்போல் உடையணிந்து உள்ளே போகிற இடம். பூநாரைக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கீத் ஸ்டீல் என்ற கால்நடை நோய்க்குறியியல் நிபுணர் அங்கே இருந்ததும் உதவியிருக்கும். ஸ்லைடைப் பார்த்ததும் பேச்சுப் புரிகிற ஆள். சோதனைகள் இரவுபகலாக நடந்தன. ஃபிளேவிவைரஸ், ஆம். செயின்ட் லூயிஸ், இல்லை.

அதே நாட்களில் ஃபோர்ட் காலின்ஸிலும் பதில் பழுத்தது. செப்டம்பர் 24 அன்று சி.டி.சி. அறிவித்தது: பறவைகளில் இருப்பது வெஸ்ட் நைல் வைரஸ், அல்லது அதைப் போன்ற ஒன்று. கலிஃபோர்னியாவில் இயன் லிப்கின் குழு, இறந்த மனிதர்களின் மூளைத் திசுவைத் தனியாக ஆராய்ந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. சில நாட்களில் மனித நோயின் பெயரும் மாற்றப்பட்டது. மேற்கு அரைக்கோளத்தில் அதுவரை யாரும் கண்டிராத வைரஸ். அந்த ஆண்டுக் கணக்கு முடியும்போது நோய்ப்பட்டவர் 62, இறந்தவர் 7.

மூளைத்துண்டின் பயணம் இங்கே முடிந்திருக்கலாம். உண்மையில் சுவாரசியமான பாதி இனிமேல்தான்.

ஃபோர்ட் காலின்ஸில் அந்தப் பூநாரை மூளையின் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். மொத்தம் 11,029 எழுத்துகள். ஒரு வாரப் பத்திரிகையின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. உலகின் மற்ற வெஸ்ட் நைல் வைரஸ்களோடு வைத்துப் பார்த்ததில், ஏறக்குறைய அச்சடித்ததுபோல் ஒத்துப்போனது ஒன்றுதான். 1998இல் இஸ்ரேலில் செத்த ஒரு வாத்தினத்துப் பறவை, கூஸ் என்பார்களே, அதன் மூளையில் கிடைத்த வைரஸ். ஒரு பறவையின் மூளை இன்னொரு பறவையின் மூளையைக் கடல்தாண்டி அடையாளம் காட்டியது. மத்திய தரைக்கடல் கரையிலிருந்து நியூயார்க்குக்கு அது கொசுவின் வயிற்றில் விமானம் ஏறியதா, கடத்திவந்த பறவைக் கூண்டில் வந்ததா, யாரோ ஒரு பயணியின் ரத்தத்தில் வந்ததா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

பெயருக்கு மூலம் இன்னும் பழையது. 1937இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில், மஞ்சள் காய்ச்சலைத் தேடி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, லேசான காய்ச்சலோடு இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் கிடைத்தது. தேடியது ஒன்று, அகப்பட்டது வேறொன்று. அந்த மாவட்டத்துப் பெயர்தான் இன்று உலகமெங்கும் நோயின் பெயராக நிற்கிறது.

காகம் சாகும் என்பதும் புதிய செய்தி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1950களின் தொடக்கத்தில் டெல்ஃபோர்ட் வொர்க் என்ற அமெரிக்கரும் கூட்டாளிகளும் எகிப்தின் நைல் டெல்டாவில் இதே வைரஸை ஆராய்ந்தார்கள். சாம்பல் உடல் காகங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது அவை செத்தன. கட்டுரையும் 1955இல் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருஷம் கழித்து நியூயார்க்கில் காகம் விழுந்தபோது அந்தக் கட்டுரை நூலகத்தில் இருந்தது, சோதனை வரிசையில் இல்லை. அந்த வொர்க்கை நமக்குத் தெரியும். அவர் பிறகு புனேயின் வைரஸ் ஆய்வு மையத்துக்கு வந்தார். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுகின்றன, பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். செத்த குரங்கையும் காய்ச்சல்காரரையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்த புனேக் குழு, உண்ணி பரப்பும் இன்னொரு ஃபிளேவிவைரஸைக் கண்டுபிடித்தது. அது இன்றும் அந்தக் காட்டின் பெயரில்தான் இருக்கிறது. கன்னடத்துக்காரர்கள் சுருக்கமாக மங்கன காயிலெ, குரங்கு நோய், என்பார்கள்.

பூநாரையின் எழுத்துக்கோவையில் பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் ஒரு புரதத்தில், 249ஆம் இடத்தில், ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஓர் இடத்தை ஆய்வகத்தில் பழையபடி மாற்றினால் அமெரிக்கக் காகங்களில் வைரஸின் கொல்லும் திறன் மளமளவென்று விழுகிறது என்று 2007இல் காட்டினார்கள். நூற்றாண்டுகளாகப் பறவையோடு ஓரளவு சமாதானமாக வாழ்ந்த வைரஸ் காகத்தை மரத்திலிருந்து தள்ளியதில் அந்த ஒரு மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது வராமல் இருந்திருந்தால் காகங்கள் இத்தனை செத்திருக்காது, பூநாரையும் ஒருவேளை தப்பியிருக்கும். செயின்ட் லூயிஸ் என்ற தவறான பெயரோடே நியூயார்க்கின் கோடை ஒருவேளை முடிந்திருக்கும்.

மறு வருஷம், 2000இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்த விவகாரத்தை நாள்வாரியாக எழுதி ஓர் அறிக்கை வெளியிட்டது. விலங்கு மருத்துவமும் மனித மருத்துவமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததை அது சுட்டியது. செத்த பறவை, நோய்ப்பட்ட குதிரை, பிடித்த கொசு, மனிதர் எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் ஏற்றும் முறை 2000இல் வந்தது. அதற்குள் வைரஸ் மேற்கே கிளம்பிவிட்டது. 2002இல் மட்டும் 4,156 மனித நோயாளிகள், 284 சாவு. ரத்தம் ஏற்றியதாலும் உறுப்பு மாற்றியதாலும்கூட அது பரவும் என்று அந்த ஆண்டுதான் தெரிந்தது. 2003இலிருந்து தானம் கொடுத்த ரத்தத்தில் அதைத் தேடத் தொடங்கினார்கள். அதே 2003இல், உலகில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருந்த கலிஃபோர்னியக் கொண்டார் கழுகுகளுக்கு, மனிதருக்கு இன்னும் கிடைக்காத புதுவகை டி.என்.ஏ. தடுப்பூசியைப் போட்டார்கள். கூண்டில் இருந்தவற்றுக்கு அப்படியே, காட்டில் திரிந்தவற்றைப் பிடித்துப் பிடித்து. மனிதருக்கான தடுப்பூசி இன்றும் சந்தைக்கு வரவில்லை. குதிரைக்கு உண்டு.

இரட்டையரில் ஒருவனான மெழுகுத்துண்டை மறந்துவிடக் கூடாது. அன்று இறந்த பூங்காப் பறவைகளும் தெருப் பறவைகளுமாக 27 பறவைகளின் திசுக்களை ஸ்டீலும் மெக்நமாராவும் மற்றவர்களும் வரிசையாகப் படித்து 2000இல் கால்நடை நோய்க்குறியியல் இதழில் எழுதினார்கள். மூளையில் ரத்தக்கசிவு, வீங்கிய மண்ணீரல், மூளையிலும் மூளைச்சவ்விலும் அழற்சி, இதயத்தசை அழற்சி. இன்றைக்கு எந்த நாட்டு உயிரியல் பூங்காவில் ஒரு பறவை தலைநடுங்கிச் செத்தாலும், ஸ்லைடை வைத்துக்கொண்டு உட்காருகிறவர் புரட்டிப் பார்க்கும் பக்கங்களில் அதுவும் ஒன்று.

உறைபெட்டித் துண்டு என்ற தம்பிக்குத்தான் பெயர் நிலைத்தது. பொது மரபணுக் களஞ்சியத்தில் அதன் எழுத்துக்கோவை ‘என்.ஒய்.99 – ஃபிளமிங்கோ – 382-99’ என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. ஊர், வருஷம், பறவை, எண். வெஸ்ட் நைல் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் தங்கள் வைரஸை இதன் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்க்கிறார்கள். பூநாரைக்குப் பராமரிப்பாளர் ஏதாவது செல்லப்பெயர் வைத்திருந்தாலும் அது தொலைந்துபோயிற்று. அதன் இனத்தின் பெயர் மட்டும் வைரஸின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நம் பக்கத்திலும் இந்த வைரஸ் புதிதல்ல. 1952இலேயே பம்பாயில் மனித ரத்தத்தில் அதன் தடயம் கிடைத்தது. வேலூர் வட்டாரத்து வயல் கொசுக்களில் 1950களில் வைரஸே கிடைத்தது. அதே வேலூரில்தான் 1955இல் இந்தியாவின் முதல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து ஜாடை, இங்கேயும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. 2011இல் ஆலப்புழையில் மூளைக்காய்ச்சல் பரவியபோது வெஸ்ட் நைல் வெளிப்பட்டது. 2019இல் மலப்புறத்தில் ஒரு சிறுவன் அதனால் இறந்தான். இந்த வைரஸால் காகங்கள் இங்கே கூட்டமாக மரத்திலிருந்து விழுந்ததாக உறுதியான செய்தி இல்லை. விழுந்திருந்தால் ஒருவேளை இன்னும் முன்னாலேயே திரும்பிப் பார்த்திருப்போம்.

புனேயில் பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த இந்திய வெஸ்ட் நைல் வைரஸ்களை எடுத்து, அவற்றின் எழுத்துகளைப் படித்து, 2007இல் ஒரு வம்சாவளி மரம் வரைந்தார்கள். பழைய இந்திய வைரஸ்கள் பெரும்பாலும் மற்ற எதோடும் சேராமல் தனிக் கிளையாக ஒதுங்கின. ஐந்தாவது கிளை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மரத்தின் ஒரு பக்கத்தில் தமிழ்நாட்டு வயற்காட்டில் பிடித்த கொசுவின் வைரஸ். எதிர்ப்பக்கத்தில், இஸ்ரேல் வாத்தினத்துக்குத் தோளோடு தோளாக, நியூயார்க், 1999, பூநாரை.